பதினாலாம் நம்பர் சத்தம்

வாங்க தம்பி. பணகுடியில இருந்து வாரேன்னு போன்ல சொன்னது நீங்கதான? உள்ள வாங்க, அந்த மோட்டாரச் சுத்தி வாங்க, செம்புக்கம்பி காலுல சிக்கிரும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. கிட்டார் பெடல் இந்தா, மேசை மேலதான் இருக்கு. தூக்கிப் பாருங்க, திருப்பிப் பாருங்க, ஒரு கீறல் கெடையாது. ஆனா வாசிச்சுக் காட்டணும்னா ரெண்டு மணி ஆகும். இன்னைக்கு எங்களுக்கு மாசாந்திரப் பராமரிப்பு, காலையில ஒம்பதுக்கே கரண்ட நிறுத்திட்டான். போன்லயே சொல்லியிருக்கலாம்தான். மறந்துட்டேன்னு வச்சுக்கிடுங்க. கேட்டுப் பாக்காம வாங்கிட்டுப் போகாதீங்க தம்பி. யாருகிட்டயும் எதையும் அப்படி வாங்காதீங்க.

ஏன் விக்கீங்கன்னுதான கேக்க வாறீங்க. மூஞ்சியிலயே தெரியுது. பெடல்ல ஏதும் கோளாறு இருக்குமோன்னு ஒரு சந்தேகம். இருக்க வேண்டியதுதான், தப்பில்ல. பெடல்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு முழுக்க ஆளுங்ககிட்ட.

மணி ஒண்ணுதான ஆகுது, சொல்லுதேன். நமக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுறது. பேரு தேவஇரக்கம். இந்த உடன்குடி வட்டாரத்துல கெணத்து மோட்டார் எரிஞ்சுதுன்னா இங்கதான் தூக்கிட்டு வருவாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் கடை கெடையாது, கோயில்ல, சர்ச்சுலதான், பேஸ் கிட்டார் வாசிக்கேன். வாசிச்சேன்னு சொல்லணும் இப்ப. பதினோரு வருசம் தம்பி. அதுல பத்து வருசம் இந்தப் பெடல் கெடையாது. கிட்டார்ல இருந்து ஒரு ஒயரு, நேரா மிக்ஸர் பெட்டி, எல்லாரு சத்தத்தையும் கூட்டிக் கொறைக்க பெட்டி, அவ்வளவுதான். அந்தப் பத்து வருசத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன், நல்லா இருந்துச்சுன்னு சொன்னதில்ல. ஆராதனை முடிஞ்சு வாசல்ல நிக்கோம். கீபோர்டு வாசிக்கிற ஷைனிப் பிள்ளையச் சுத்தி நாலு பேரு. டிரம்ஸ்காரனத் தோளுல தட்டுதாங்க. எங்கிட்டயும் வருவாங்க, வராம இல்ல. வந்து, "அண்ணாச்சி, வீட்டு மோட்டார் ஓடுது, தண்ணிதான் ஏற மாட்டேங்கு"ன்னு சொல்லுவாங்க. ஃபுட்வால்வப் பாருங்கன்னு சொல்லி அனுப்புவேன். அப்படிப் பத்து வருசம். நம்ம கையில ஒண்ணும் இல்ல போலிருக்குன்னு நெனச்சுட்டேன். நெனைக்கத்தான செய்யும்?

அப்பத்தான் இத வாங்குனேன். வெல கொறஞ்ச பெடல்தான், மறைக்க என்ன இருக்கு. பெரிய ஆளுங்க வச்சிருக்கது இதுக்குப் பத்து மடங்கு வெல. வெல கூடுன பெடல்ல எவன் வேணும்னாலும் சத்தம் வர வைக்கலாம் தம்பி. இதுல வர வைக்கதுதான் வேல. நீங்க வாங்குனா மொதல்ல என்ன செய்யணும்னு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. கம்பெனிக்காரன் அம்பது பேட்ச், அதாவது அம்பது ரெடிமேட் சத்தம், போட்டுக் குடுத்திருப்பான். அது அம்பதும் கடையில வந்து நிக்கவன மயக்குறதுக்கு. எல்லாத்தையும் அழிச்சிருங்க. அழிச்சிட்டு ஒண்ணு ஒண்ணா நீங்களே கட்டணும், காயில் கட்டுற மாதிரி. மொதல்ல கம்ப்ரஸர். பலமாத் தட்டுனா அமுக்கும், மெல்லத் தட்டுனா தூக்கும், சத்தம் ஒரே மட்டத்துல நிக்கும். அதுக்கு அடுத்து ஈக்யூ, அடிச்சத்தத்த நல்லா ஏத்திக்கிடணும். சில பேரு கொறைக்கச் சொல்லுவான், கேக்காதீங்க. பேஸ்ல அடிச்சத்தம் இல்லாம வேற என்னத்துக்கு?

நெறையப் பேரு அதோட விட்டுருவான். நான் விடல. அதுக்கு மேல ஆக்டேவ், நாம வாசிக்கதுக்குக் கீழ இன்னொருத்தன் சேந்து வாசிக்க மாதிரி இருக்கும். அதுக்கு மேல கோரஸ், ஒரு கிட்டாரு நாலு கிட்டாரா விரியும். கொஞ்சம் டிஸ்டார்ஷன், ஓரத்துல ஒரு கரகரப்பு. கடைசியில ரிவர்ப், பெரிய மண்டபத்துல நின்னு வாசிக்க மாதிரி. எங்க கோயிலே பெரிய மண்டபம்தான். நூறு வருசத்துக் கல்லுக் கட்டடம், கைதட்டுனா மூணு தடவ திரும்பி வரும். இருந்தாலும் அந்த மண்டபம் வேற, பெடலுக்குள்ள இருக்க மண்டபம் வேற. ரெண்டும் சேந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

அஞ்சு மாசம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையச் சாத்திட்டு, இதே ஸ்டூல்ல, காதுல ஹெட்போன் மாட்டிட்டு உக்காருவேன். என் வீட்டுக்காரி ஞானக்கனி காப்பி கொண்டாந்து வச்சிட்டு நிப்பா, கவனிக்க மாட்டேன். ஒரு குமிழத் திருகி, வாசிச்சு, எழுதி வச்சு, மறுபடியும் திருகி. பதிமூணு பேட்ச் சரிப்பட்டு வரல. பதினாலாவது வந்துச்சு தம்பி. ஹெட்போன்ல மொத தடவ கேட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிட்டு. நாந்தான் வாசிக்கேன்னு நம்பவே முடியல. வேற எவனோ பெரிய ஆளு வாசிக்க மாதிரி இருந்துச்சு.

அரங்கேத்தம் ஸ்தோத்திரப் பண்டிகை அன்னைக்கு. வாழக்கொல, பனங்கெழங்கு, சேவல்னு காணிக்க குமிஞ்சு கெடக்கு, கோயில் நெறஞ்ச கூட்டம். மிக்ஸர்ல உக்காந்திருக்கது ஜெயசிங். ஞானக்கனி கூடப்பொறந்த தம்பி, எனக்கு மச்சினன். அவனுக்கு அந்த வேலய வாங்கிக் குடுத்ததே நாந்தான், அது பெறகு சொல்லுதேன். மொதப் பாட்டுலயே பதினால மிதிச்சேன். சன்னல் கண்ணாடி அத்தனையும் அதிருது. பீடத்துப் பக்கத்துல கட்டிப் போட்டிருந்த சேவலு கயித்த அத்துக்கிட்டு ஓடுது. மொத பெஞ்சுல இருக்க ரிட்டயர்டு வாத்தியார் காதுல மாட்டியிருக்க மிஷினக் கழட்டி, உள்ளங்கையில வச்சுப் பாக்காரு. பாஸ்டர் ஐயா ரெண்டு தடவ எம்பக்கம் திரும்பிப் பாத்தாரு. பத்து வருசத்துல அவரு என்னயத் திரும்பிப் பாத்தது அன்னைக்குத்தான். இந்தச் சத்தத்துக்குள்ள அம்புட்டு வேகம் இருந்துச்சு தம்பி. எல்லாரும் ஆடிப் போயிட்டாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழம போறேன், என் காலடியில புதுசா ஒரு மானிட்டர். வாசிக்கவனுக்கு மட்டும் கேக்குற ஸ்பீக்கர், உங்களுக்குத் தெரியும்லா. அதுவரைக்கும் எனக்குத் தனியா கெடையாது, டிரம்ஸ்காரனோடதுல பங்கு. ஜெயசிங்குகிட்ட என்னலேன்னு கேட்டா, "உங்களுக்குன்னு தனியா போட்டிருக்கேன் அத்தான், உங்க சத்தம் உங்களுக்கு நல்லாக் கேக்கட்டும்"னான். எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. வீட்டுல வந்து ஞானக்கனிகிட்ட, உன் தம்பிக்கு எம்மேல எம்புட்டுப் பாசம் பாத்தியான்னு சொன்னேன். அவ ஆமான்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

அதுக்கப்புறம் பத்து மாசம், எனக்கு அதுமாதிரி ஒரு காலம் இருந்ததே இல்ல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பதினாலு என் கால வந்து முட்டும். கண்ண மூடிட்டு வாசிப்பேன். முன்னெல்லாம் ஒரு பாட்டுக்கு நாலு சுரம் வாசிச்ச எடத்துல, இப்ப நாப்பது வாசிப்பேன். முடிஞ்சு வந்ததும் ஞானக்கனிகிட்ட எப்படி இருந்துச்சுன்னு கேப்பேன். நல்லா இருந்துச்சும்பா. ஷைனிகிட்ட கேப்பேன். சூப்பர் அங்கிள்ம்பா. ஜெயசிங்கு கட்டைவிரலத் தூக்கிக் காட்டுவான். பாஸ்டர் ஐயா சிரிப்பாரு. எல்லாரும், கேட்டுக்கிடுங்க, அத்தன பேரும்.

பெறகு ஆடி மாசம் எனக்கு டெங்கு. ஒம்பது நாள் படுக்க. அந்த ஞாயித்துக்கிழம ஞானக்கனி கோயிலுக்குப் போயிட்டா, நான் கட்டில்ல. இப்பல்லாம் ஆராதனைய நேரலையில போடுதாங்கல்லா, போன எடுத்து, ஹெட்போன மாட்டிட்டுக் கேட்டேன். பாட்டு ஆரம்பிச்சுது. ஆகா, பேஸ் எம்புட்டுச் சுத்தமா, பாட்டுக்கு அடியில மெத்தை விரிச்ச மாதிரி வருதுன்னு கேட்டுக்கிட்டே படுத்திருக்கேன். நம்ம பதினாலு வெளிய இம்புட்டு அழகாவா கேக்குன்னு எனக்கு ஒரே சந்தோசம். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டேன் தம்பி. ரெண்டாவது பாட்டு பாதியிலதான் உறைச்சுது. நாந்தான் கட்டில்ல கெடக்கேனே.

காய்ச்சல்ல கெனா காணுதேனோன்னு எந்திரிச்சு உக்காந்து பாத்தேன். நான் நிக்கிற எடத்துல என் மானிட்டர் மட்டும் இருக்கு. ஆளு கெடையாது. பேஸ் கேக்கு. கேமரா ஷைனி பக்கம் திரும்புச்சு. அவளோட எடது கை கீபோர்டோட கீழ்க்கோடியில நிதானமா ஒவ்வொரு கட்டையா அமுக்குது. என் பேஸ அவ எடது கை வாசிக்கு.

ஒருவேள நான் இல்லாததுனால இன்னைக்கு மட்டும் வாசிக்காளோன்னு நெனச்சேன். அப்படி நெனைக்கதுதான மனுசத்தனம். பழைய ஆராதனை எல்லாம் போன்லயே இருக்கே, பெரிய வெள்ளிக்கிழமய எடுத்தேன். அன்னைக்கு மூணாவது பாட்டு நடுவுல எனக்குத் தடிக்கம்பி அறுந்து போச்சு. படத்துல தெரியுது, நான் கிட்டாரக் கழட்டிக் கீழ வைக்கேன். பேஸ் நிக்கல. ஒரு இமைப்பொழுது கூட நிக்கல. கிறிஸ்துமஸ எடுத்தேன், அதே சத்தம். புதுவருசம், அதே சத்தம். நான் நாப்பது சுரம் வாசிக்க எடத்துல நாலுதான் கேக்கு. ஸ்தோத்திரப் பண்டிகை வரைக்கும் பின்னால போனேன். அதுல மட்டுந்தான் நான் இருக்கேன். அந்தப் பதிவு வேற போன்ல சரியா வரல, ஏதோ லாரி நிக்க மாதிரி உறுமுது. மைக்கு கோளாறா இருக்கும்.

ஞானக்கனி கோயில்ல இருந்து வந்தா. கஞ்சி கலக்கிக் கொண்டாந்தா. நான் போன மறச்சு வச்சுட்டு, இன்னைக்குப் பாட்டெல்லாம் எப்படின்னு கேட்டேன். "நீங்க இல்லாம ஒண்ணும் சரியில்ல. வெறிச்சுன்னு இருந்துச்சு"ன்னு சொன்னா.

கஞ்சியக் கையில வாங்கல நான். போன எடுத்து அவ முன்னால வச்சு, பாட்டப் போட்டு விட்டேன். அவ கட்டில் ஓரத்துல உக்காந்துட்டு, தனக்கு மொதல்ல இருந்தே தெரியும்னு சொன்னா. எத்தன ஞாயித்துக்கிழம கேட்டேன்டி உன்கிட்டன்னு கேட்டேன். அதுக்கு அவ சொல்லுதா, "கோயில்ல இருந்து வரும்போது உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. கல்யாணம் ஆன புதுசுல பாத்த மூஞ்சி அது. அதப் போய் எப்படிக் கெடுக்க?" இப்படி ஒரு நியாயம் தம்பி. இருபத்திரெண்டு வருசம் என் கூட வாழ்ந்தவ. வாரா வாரம் என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லிட்டு, அந்த மூஞ்சிக்காகத்தான் சொன்னேன்னு சொல்லுதா. நான் இப்பவும் அவகிட்ட அளவாத்தான் பேசுதேன். எனக்கு ஆறல.

காய்ச்சல் விட்ட கையோட ஜெயசிங்கத் தேடிப் போனேன். அவன் வீட்டு முற்றத்துல ஒயருக்கு ஈயம் பத்த வச்சிட்டு இருந்தான். எலக்ட்ரிக் வேல தெரிஞ்சவன், ஊரச் சுத்திட்டுக் கெடந்தான்னு நாந்தான் பாஸ்டர் ஐயாகிட்ட கூட்டிட்டுப் போயி அந்த மிக்ஸர்ல உக்கார வச்சேன். எனக்கே ஏம்ல இப்படிச் செஞ்சன்னு கேட்டேன். அவன் அந்தச் சூட்டுக்கோலக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு நின்னான். தலையக் குனியல, அதுதான் எனக்கு இன்னும் எரியுது. பண்டிகை முடிஞ்ச மறுநாளே கமிட்டி கூடி, என்னய நிறுத்திரணும்னு முடிவு பண்ணிட்டாங்களாம். இவந்தான், அத்தான நிறுத்தாதீங்க, சத்தம் என் பொறுப்புன்னு கெஞ்சுனானாம். அந்த மானிட்டர் கோயில் காசு இல்லயாம், இவன் கைக்காசாம். என் சேனல அதுக்கு மட்டும் திறந்து விட்டுட்டு, ஹாலுக்கு மூடி வச்சுட்டான். "நீங்களும் சந்தோசமா வாசிச்சீங்க, ஜனங்களும் சந்தோசமாப் பாடுனாங்க அத்தான். யாருக்கு என்ன நட்டம்?"னு கேட்டான்.

யாருக்கு என்ன நட்டமா? பத்து மாசம் ஐந்நூறு பேரு முன்னால ஊமைக் கிட்டார வச்சுட்டுக் கண்ண மூடி ஆடியிருக்கேன். ஐந்நூறு பேருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. வெளியாளு எவனாவது கேலி பண்ணியிருந்தா கூடத் தாங்கியிருப்பேன். கூட இருந்தவன் தம்பி, என் கையால சோறு போட்டு வளத்த பய.

அதுக்கு மேல ஒண்ணு சொன்னான் பாருங்க, அதத்தான் என்னால மன்னிக்கவே முடியல. பெடலக் கழட்டிட்டு, பழையபடி நேரா சொருகி வாசிச்சா இந்த ஞாயித்துக்கிழமையே திறந்து விடுதானாம். பத்து வருசம் நான் வாசிச்சதக் கேட்டுத்தான் அவனுக்கே பாட்டுமேல ஆச வந்துச்சாம். எப்படிப் பேசுதான் பாருங்க. அஞ்சு மாசம் ராவி ராவிக் கட்டுன சத்தத்த வேண்டாம்னு சொல்லதுக்கு ஒரு சீனிப் பூச்சு. அந்தப் பத்து வருசத்துல ஒருநாள் வாயத் தொறந்து சொன்னானா அத? சொல்லல. இப்ப மாட்டிக்கிட்டதும் சொல்லுதான். நம்புவாங்களா யாராவது?

அன்னைக்கே நிறுத்திட்டேன். கோயிலுக்குப் போறேன், கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு வந்துருதேன். பாட்டு எப்பவும் போல ஓடுது. நான் வாசிக்கதில்லன்னு கண்டுபிடிச்சு ஒரு ஆளு கேக்கதுக்கு மூணு வாரம் ஆச்சு. அந்த ஆளும் மோட்டாருக்காக வந்தவருதான்.

தம்பி, இப்ப உங்ககிட்ட ஒண்ணு ஒத்துக்கிடுதேன், கோவப்படாதீங்க. இந்தப் பெடல் விக்கதுக்கு இல்ல. இருங்க, எந்திரிக்காதீங்க. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க, தெரியும். டீ வரச் சொல்லியிருக்கேன். பாதி வெலைக்குன்னு விளம்பரம் போட்டாத்தான் யாராவது வருவாங்கன்னு போட்டேன். கரண்ட் இல்லாத நாளாப் பாத்து வரச் சொன்னதும் தெரிஞ்சுதான், இல்லன்னா கத கேக்க நிப்பீங்களா? எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். எம்மேல பாசமும் இல்லாம, பகையும் இல்லாம, பேஸ் தெரிஞ்ச ஒரு ஆளு இதக் கேட்டுட்டு உள்ளதச் சொல்லணும். இந்த ஊருல இனிமே எனக்கு யாரு சொன்னாலும் காதுல ஏறாது. நல்லா இருக்குன்னு சொன்னா இரக்கப்பட்டுச் சொல்லுதானோன்னு தோணுது. எனக்கு முன்னபின்ன தெரியாத ஒருத்தன் சொல்லணும். அதுக்குத்தான் இம்புட்டும். உங்களுக்கு முன்னால ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தன் பாதியில போயிட்டான். இன்னொருத்தன் போன் பாத்துக்கிட்டே நல்லாருக்கு நல்லாருக்குன்னான்.

வந்துட்டு பாருங்க கரண்ட். ஃபேன் சுத்துது. ஹெட்போன்ல வேண்டாம், ஸ்பீக்கர் பெட்டியிலயே கேளுங்க, நான் பெடலத் தரையில வச்சு, கிட்டார மாட்டிட்டு ஆம்ப்ப போடுதேன். கண்ண மூடிக்கிடுங்க. என் மூஞ்சியப் பாக்காதீங்க, மூஞ்சியப் பாத்தா பொய் சொல்லத் தோணுமாம். ஒரு பாட்டு வாசிக்கேன், எல்லாரும் பாடுற ஞானப்பாட்டுதான். முழுசாக் கேளுங்க.

ம். அவ்வளவுதான். கண்ணத் தொறங்க. சொல்லுங்க.

நல்லா இருக்குங்கீங்களா? ஒவ்வொரு சுரமும் உருண்டையா, பாட்டப் பிடிச்சு நிறுத்துற மாதிரி இருக்கா? பணகுடியில உங்க குழுவுல இப்படி வாசிக்க ஆளு இல்லயா? இதுதான் பதினாலான்னு கேக்கீங்க.

குனிஞ்சு பெடலப் பாருங்க தம்பி. லைட்டு எரியுதா? எரியல. ரெண்டு சுவிச்சையும் சேத்து மிதிச்சு நான் மொதல்லயே அத ஆஃப் பண்ணிட்டேன், கிட்டார் சத்தம் அப்படியே ஆம்ப்புக்குப் போயிரும். நீங்க உள்ளதச் சொல்லுவீங்களா, இல்ல நீங்களும் அவங்க மாதிரியான்னு பாக்கத்தான் அப்படிப் பண்ணேன். பதினாலு இன்னும் ஒரு சொட்டுக் கூட உங்க காதுல விழல. ஆனா நல்லா இருக்குன்னுட்டீங்க.

நெசமாத்தான் சொன்னேன்னு எல்லாரும்தான் சொல்லுதாங்க. விடுங்க. டீ ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க, மூணேகாலுக்கு பஸ் இருக்கு. உங்களையும் நம்பித்தான தம்பி உக்கார வச்சேன். நீங்க கேட்டது வெறும் கம்பி. வெறும் என் கையி. அதப் போயி யாராவது நல்லா இருக்குன்னு சொல்லுவாங்களா?